“புரியல டீச்சர்!” – அங்கிருந்தே தொடங்கலாம்

தற்காலக் கலைக்கூடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போனால், முதலில் நம் காதில் விழுவது “புரியல டீச்சர்” என்பதுதான். உடனே விளக்கம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அதை மனப்பாடம் செய்துகொள்வார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் 1996இல் பிராஸ் பசா சாலையில், ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. 2022 முதல் தஞ்சோங் பகாரில் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குக் கட்டடத்தில் இயங்குகிறது. “சரக்கு வைக்கிற இடத்துல ஏன் கலை?” என்று வாசலிலேயே கேளுங்கள்.

பிறகு மூன்று கேள்விகள் போதும். டாங் டா வூ 1989இல் உருவாக்கிய காண்டாமிருகத்தை எடுத்துக்கொள்வோம்.

1. என்ன தெரியுது? காகிதக் கூழால் செய்த விலங்கு. சுற்றிலும் மருந்துப் போத்தல்கள்.
2. எது உறுத்துது? கொம்பைக் காணோம்!
3. ஏன் அப்படி? மருந்துக்காக நடக்கும் வேட்டையை மாணவரே சொல்லிவிடுவார்.

மாணவர்களே, வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துப் பேசும்போதும் இதே வரிசைதான்: கண்டது, கருத்து, காரணம். “நல்லா இருக்கு” என்று நிறுத்தாமல், “ஏனென்றால்...” என்று தொடருங்கள். பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம். காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்களா? மூன்று படைப்புகள் போதும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவிப்பை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு வாசிப்புப் பயிற்சிதானே!