தவணை கட்டத் தயார், பட்டாதான் இல்லை

அம்பத்தூர், ஆவடி பக்கத்து டிபன் கடைகளில் சில காலைகளில் ஒருவர் வந்து உட்காருவார். இரண்டு இட்லி சொல்வார். சாப்பிடும்போதே கண் சுற்றும். கூட்டம் எவ்வளவு, பார்சல் எத்தனை போகிறது, கிரைண்டர் எவ்வளவு பெரிது, மூலையில் காலி சிலிண்டர் எத்தனை. பிறகு அரிசிக்கடைக் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுவார். பால்காரரிடமும் இரண்டு வார்த்தை விசாரிப்பார். இன்கம்டாக்ஸ் ஆள் என்று பதற வேண்டாம். வீட்டுக் கடன் நிறுவனத்தின் கள அலுவலர்தான். சம்பளச் சீட்டும் ஐ.டி. ரிட்டர்னும் இல்லாத கடைக்கார அம்மாவின் வருமானத்தை இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். தினம் எத்தனை கிலோ மாவு, மாதம் எத்தனை சிலிண்டர் என்று தெரிந்தால் போதும், வியாபாரத்தை ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம்.

வங்கிகள் இந்த வேலைக்கு மெனக்கெடுவதில்லை. அதற்கான விலையைத்தான் அந்த அம்மா இருபது வருடம் கட்டப்போகிறார்.

1977-ல் எச்.டி.பரேக் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கும்வரை, நம் நாட்டில் நடுத்தர வர்க்கத்துக்கே வீட்டுக் கடன் எட்டாக்கனி. பி.எஃப். பணம், கிராஜுவிட்டி, மனைவியின் நகை எல்லாம் சேர்த்து, ஓய்வுபெறும் வயதில்தான் கிரகப்பிரவேசம். தொடங்கிய மறு ஆண்டு எச்.டி.எஃப்.சி. கொடுத்த முதல் கடன் 30,000 ரூபாய். 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கையகப்படுத்தக் கடன் கொடுத்தவருக்கு வழி செய்தது. அதன் பிறகு வங்கிகள் வீடு தேடி வந்து கடன் கொடுத்தன. யார் வீட்டுக்கு? மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு.

வீடு இல்லாதவர்களோ வேறு ஆட்கள். 2012-ல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, நகர்ப்புறங்களில் சுமார் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தேவைப்படுபவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதோ, நகரங்களில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகள் பூட்டிக் கிடந்தன. கட்டியது ஒருவருக்கு, தேவை இன்னொருவருக்கு.

இனி வட்டிக்கு வருவோம். 10 லட்சம் ரூபாய், 20 வருடம். வங்கியில் 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை 8,678. சிறு வருமானக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் 14 சதவீதம் என்றால் 12,435. மாதம் 3,757 ரூபாய் வித்தியாசம். 20 வருடத்தில் அது மட்டும் 9 லட்சத்தைத் தாண்டும். கிட்டத்தட்ட இன்னொரு கடன். முதல் மாதம் கட்டும் 12,435-ல் வட்டிக்குப் போவது 11,667. அசலில் கழிவது வெறும் 768.

இதைக் கந்துவட்டியோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. இந்த நிறுவனங்களே வங்கியில் கடன் வாங்கித்தான் கடன் கொடுக்கின்றன. 8 லட்சம், 10 லட்சம் கடனுக்கு ஆள் அனுப்பி இட்லி எண்ணும் செலவும் இருக்கிறது. ஆனால், திருப்பிக் கட்டமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னையில் தலைமையகம் உள்ள ஆப்டஸ் நிறுவனம் இத்தகைய வாடிக்கையாளர்களை நம்பியே வளர்ந்தது. அதன் வாராக்கடன் சில ஆண்டுகளாக 1 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. 1969-ல் பர்மா, இலங்கையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய ரெப்கோ வங்கி, 2000-ல் வீட்டுக் கடனுக்கென்று தனி நிறுவனமே தொடங்கும் அளவுக்கு வளர்ந்தது.

வருமானத்தையாவது மாவை வைத்துக் கணக்கிடலாம். நிலத்துக்கு அந்த வழியும் இல்லை. மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அப்ரூவல், இதில் ஒன்று குறைந்தாலும் வக்கீல் ஒப்பீனியன் பாதகமாக வரும். புறநகரில் ஏழைகள் வாங்கியதெல்லாம் பெரும்பாலும் அன்அப்ரூவ்டு மனைகள். விலை குறைவு என்பதால்தான் வாங்கினார்கள். 2016-ல் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது சீட்டுக் கட்டி வாங்கிய மனைகள் கையில் முடங்கின. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனால் அதற்கும் கட்டணம், அலைச்சல், புரோக்கர். புறம்போக்கில் இரண்டு தலைமுறையாக இருப்பவர் பாடு இன்னும் மோசம்: ஓட்டு இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, அடமானம் வைக்க ஒன்றுமில்லை. ஆட்சேபமற்ற புறம்போக்கில் வசிக்கும் 86,000 பேருக்குப் பட்டா தர 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. எந்த மானியத்தையும்விட இது பெரிய உதவி என்பேன், அந்தப் பட்டாவை வங்கி ஏற்றுக்கொள்ளும்பட்சத்தில். இத்தனை வருடம் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வரும் ஒப்படைப் பட்டாவைக் கண்டால் வங்கி மேலாளர் முகம் சுளிப்பார்.

மேலாளரைச் சொல்லியும் குற்றமில்லை. 2025 முதல் பெருநகரங்களில் 50 லட்சம் வரையான வீட்டுக் கடனையே முன்னுரிமைத் துறைக் கடன் இலக்கில் சேர்த்துக் காட்டலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. ஐ.டி. கம்பெனி ஊழியர் ஒருவருக்கு 45 லட்சம் கொடுத்தே இலக்கை எட்டலாம் எனும்போது, டிபன் கடையை எட்டிப்பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து? பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியமும் அப்படித்தான். இப்போதைய இரண்டாம் கட்டத்தில் அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும். நல்ல தொகைதான். ஆனால் கடன் கிடைத்தவருக்குத்தான் மானியம். அதே திட்டத்தில் குறைந்த வருமானக்காரர்களின் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும் நிதியை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தியிருக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்யவில்லை. செய்ய வேண்டியது அதைத்தான்.

கடனே வேண்டாம், அரசே கட்டிக் கொடுத்துவிடட்டும் என்பார்கள் சிலர். கட்டியும் பார்த்தாயிற்று. கண்ணகி நகர், பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் வீடு கிடைத்து வேலையைத் தொலைத்த கதை எல்லோருக்கும் தெரியும். இதே சென்னையில் 1977-ல் உலக வங்கி உதவியோடு வேறொன்றும் நடந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில், பிறகு முகப்பேரில், சாலையும் குழாயும் கழிவுநீர் இணைப்பும் போட்டுச் சிறு மனைகளைத் தவணைக்குக் கொடுத்தார்கள். வீட்டை மக்களே கட்டிக்கொண்டார்கள்: முதலில் ஓலை, கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஓடு, பிள்ளை வேலைக்குப் போனதும் காங்கிரீட், அப்புறம் மாடி கட்டி வாடகை. காலதாமதம், காலி மனைகள் என்று குறை சொல்லி அந்த வழியை உலக வங்கியே கைவிட்டது. 20 ஆண்டுகள் கழித்து மறுபடி வந்து பார்த்த அதன் ஆய்வாளர்கள், தோல்வி என்று நினைத்தது உண்மையில் வெற்றி என்று 2018-ல் எழுதினார்கள். இன்றைக்கு முகப்பேரில் மனை விலை கேட்டால் தலை சுற்றும்.

மனை கொடு, பட்டா கொடு, கடனுக்கு உத்தரவாதம் கொடு. சுவரை அவர்கள் எழுப்பிக்கொள்வார்கள். அரசிடம் கேட்க இருப்பது இவ்வளவுதான்.

அதுவரை, சிறு நிறுவனத்தில் கடன் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடும் முன் முக்கியத் தகவல் அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். புரியும் மொழியில் தரவேண்டும் என்பது விதி. மாறும் வட்டிக் கடனாக வாங்குங்கள். தனிநபர் வீட்டுக் கடனில் அதை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. கடன் வாங்கிய வருடத்திலிருந்தே ஐ.டி. ரிட்டர்ன் போடுங்கள், ஒரு தவணைகூடத் தவறாதீர்கள். மூன்று வருடத்தில் அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய், குறைந்த வட்டிக்குக் கடனை மாற்றித் தரும்படி அரசு வங்கியில் கேளுங்கள். பத்து வங்கி இல்லை என்றாலும் பதினோராவது வங்கி படியேறுங்கள். மாதம் மூவாயிரத்து எழுநூறு ரூபாய் சும்மா விடுகிற பணமில்லை.