எந்தப் பத்து ரூபாய்?

கொடைக்கானல் போய்வந்த வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கும் பத்து ரூபாய் எந்தப் பத்து ரூபாய்? எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்பதாகக் காலங்காலமாகப் புகார் இருக்கிறதே, அதுவா? காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பி வருவதா? இரண்டும் வேறு வேறு. முதலாவதுக்கு ரசீது கிடையாது. இரண்டாவதுக்குப் பாட்டில் மேலேயே ஸ்டிக்கர் உண்டு. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் விடாமல் துரத்தியதால் 2022 மே 15 அன்று நீலகிரியில் தொடங்கி, மற்ற மலைப்பகுதிகளுக்கும் பிறகு சமவெளிக்கும் வந்த திட்டம் இது. மாநிலம் முழுக்க விரிவாக்க டாஸ்மாக் அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்ததில், எந்த ஊரில் எப்போது அமல் என்பது கடை ஊழியருக்கே மறந்துபோயிருக்கும்.

திட்டத்தின் சூட்சுமம் புதிதல்ல. சோடா பாட்டிலுக்குப் பெட்டிக்கடைக்காரர் முன்பணம் பிடித்துவைத்த அதே கணக்குதான். ஆனால் காட்டுக்குள் அது செய்கிற வேலை அழகானது. உடைந்த குவார்ட்டர் பாட்டிலின் அடிப்பாகம் மண்ணில் விளிம்பு மேலாகப் பதிந்து கிடந்தால் யானையின் பாதத்தைக் கிழிக்கும். சீழ் பிடித்த காலோடு அவ்வளவு பெரிய உடம்பு வெகுநாள் நடமாட முடியாது. இந்தக் கவலைதான் வழக்கின் மையம். வீசி எறிகிறவரைப் போலீஸ் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் விலை வைத்துவிட்டால் தேடவே வேண்டாம். எறிந்தவர் பணத்தை இழக்கிறார், பொறுக்குகிறவர் சம்பாதிக்கிறார். அபராதத்தை வசூலிக்க ஆளே தேவையில்லை.

நீலகிரியில் 97 சதவீதப் பாட்டில்கள் திரும்பிவிட்டதாகச் சொல்லப்பட்டது. அந்தச் சதவீதம் எதற்கு என்று கேட்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டி விற்றதற்கு மட்டும். வேறு ஊரில் வாங்கி, கார் டிக்கியில் மலையேறிவந்த ஸ்டிக்கர் இல்லாத பாட்டில் இந்தக் கணக்கில் வராது. இன்னொன்று, திரும்பியவை அத்தனையும் காலி பாட்டில்கள். உள்ளே இருந்தது போகவேண்டிய வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யானையின் காலைக் காப்பாற்றிய திட்டத்துக்குக் குடிப்பவரின் கல்லீரலைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. விற்கும் நிறுவனம் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் கீழ். பாட்டிலில் குடி கேடு என்ற வாசகம். 2024-25 வருவாய் 48,344 கோடி ரூபாய். இதில் முரண் எங்கே என்று விளக்குவது வாசகரை அவமதிப்பதாகும்.

அமெரிக்காவில் இதே முரணை ஒரு மருந்துக்கடை நிறுவனம் வேறு வழியில் தீர்த்தது. மாத்திரை விற்கும் கவுன்டருக்குப் பின்னால் சிகரெட் எதற்கு என்ற கேள்விக்கு, சிவிஎஸ் 2014 செப்டம்பரில் தன் 7,600-க்கும் மேற்பட்ட கடைகளில் புகையிலையை நிறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் விற்பனை போனது. பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள், இது வெறும் விளம்பரம் என்றார்கள். பீரும் சிப்ஸும் இன்னும் விற்கிறீர்களே என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. முதலாவது பாதிதான் சரி: சிவிஎஸ்ஸில் மட்டுமே சிகரெட் வாங்கிவந்த குடும்பங்கள் சிகரெட் வாங்குவதையே விட்டுவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 38 சதவீதம் கூடுதல் என்று 2017-இல் வந்த ஆய்வு சொன்னது. நமக்கு முக்கியமான வேறுபாடு, 2003-இலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக்கின் ஏகபோகம் என்பது. பக்கத்துக் கடை என்ற ஒன்றே இங்கே சட்டப்படி இல்லை.

சட்டப்படி இல்லாத பக்கத்துக் கடை உண்டே என்பார்கள். உண்டு, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. ஒரே நாளில் எல்லாக் கடைக்கும் பூட்டு என்ற கோஷத்துக்கு இது சரியான மறுப்பு. ஆனால் டாஸ்மாக் இருக்கும் மாநிலத்தில்தானே அதுவும் நடந்தது? கடை திறந்திருப்பதே கள்ளச்சாராயத்துக்கு மாற்று என்ற வாதம் அங்கேயே பாதி தளர்ந்துவிடுகிறது. 2023 ஜூன் 22 அன்று 5,329 கடைகளில் 500 மூடப்பட்டன. வருவாயோ 44,121 கோடியிலிருந்து 45,855 கோடிக்கு ஏறியது. இடையில் விலையும் ஏறியது என்பதால் குடி கூடியதா குறைந்ததா என்பதை இந்த ரூபாய்க் கணக்கு சொல்லாது. சொல்லக்கூடியது லிட்டர் கணக்கு. ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டிக்கர் ஒட்டி, காலியை எண்ணி வாங்கி, பெட்டியில் அடுக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, மலையில் எந்தக் கடையில் எத்தனை லிட்டர் போனது, அடுத்த ஆண்டு எவ்வளவு குறைக்கப்போகிறோம் என்று பலகையில் எழுதிவைப்பது ஒரு வேலையா? சிவிஎஸ் எதை இழந்தது என்பதற்கு எண் இருக்கிறது. டாஸ்மாக்கின் அக்கறைக்கு இதுவரை வசூல் எண் மட்டுமே.

மற்ற கேள்விகள். ஸ்டிக்கர் இல்லாத பாட்டிலுக்குப் பணம் வருமா? வராது.

ஊழியர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? இடமும் ஆளும் கூட்டாமல் காலி பாட்டில் சுமையை மட்டும் கூட்டியதால்.

கொடைக்கானலுக்கு இ-பாஸ்? 2024 மே 7 முதல் உண்டு.

ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால்? பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அது திரும்ப வராது, தண்ணீர்தானே.