தேக்கு: பெயரும் குடும்பமும்

நீலகிரி என்றவுடன் தேயிலையே நம் நினைவுக்கு வரும். இம்மாவட்டத்தின் மற்றொரு செல்வம் தேக்கு. உறைபனி பெய்யும் உதகையில் அது செழிப்பதில்லை. கீழே முதுமலைக் காட்டில் ஓங்கி நிற்கிறது. அவ்வன்மரத்தின் பெயரை ஈண்டு ஆராய்வோம்.

தேக்கு என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், பாணர் சுற்றத்துக்குத் தேக்கிலையில் உணவு குவிக்கப்படுவதைக் காண்கிறோம். மேற்குக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் நாவில் இச்சொல் 'டெக்கா' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த வான் ரீடின் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலில் இம்மரம் 'தேக்கா' என்றே இடம்பெற்றது.

ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின்னர், லின்னேயசின் மகன் இதற்கு 'டெக்டோனா கிராண்டிஸ்' எனப் பெயரிட்டார். 'கிராண்டிஸ்' என்றால் பெரியது என்பது பொருள். தச்சனைக் குறிக்கும் 'டெக்டோன்' என்ற கிரேக்கச் சொல்லே முற்பகுதிக்கு வேர் என்பாரும் உளர். நம் கரைப்பெயர் முன்னரே நூலேறிவிட்டமையால், தேக்கே வேர் என்பது நம் துணிபு.

மரம் சென்ற இடமெல்லாம் இப்பெயர் செல்லவில்லை. அரபு மொழியில் தேக்கின் பெயர் 'ஸாஜ்'. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவின் நபி பள்ளிவாசலை விரிவாக்கியபோது, கூரையை ஸாஜ் மரத்தால் அமைத்தார்கள் என்று புகாரித் தொகுப்பு கூறும்.

இனி, குடும்பப் பெயர். தாவரவியலார் முன்பு தேக்கை 'வெர்பினேசியே' குடும்பத்தில் வைத்தனர். இன்று துளசியும் புதினாவும் அடங்கிய 'லேமியேசியே' குடும்பத்தில் வைக்கின்றனர். நொச்சியும் அவ்வாறே இடம்மாறியது. இக்குடும்பத்தின் பழைய பெயர் 'லேபியேட்டே'. உதடு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. துளசி போன்றவற்றின் மலர் ஈருதடுகளாகப் பிரிந்திருப்பதே காரணம். தேக்கின் சிறு வெண்மலரில் அவ்வமைப்புத் தெளிவாக இல்லை. ஆயினும் நாற்கோண இளங்கிளையும் எதிரெதிர் இலைகளும் துளசியின் உறவை உணர்த்தும்.

வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் மருத்துவர்களைக் கேட்டு எழுதுவித்தமையால்தான் மலபார்ப் பெயர்கள் உலக நூலேறின. நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் நாவில் இன்னும் எத்தனையோ மரப்பெயர்கள் வழங்குகின்றன. சொல்வோர் மறைந்தால் சொல்லும் மறையும். தமிழ் பயிலும் மாணவர் அவற்றை இன்றே கேட்டு, வழங்கும் ஊரோடும் பொருளோடும் குறித்து வைத்தல் வேண்டும்.