டிஸ்சார்ஜ் ஆயாச்சு... அடுத்து என்ன? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சிகிச்சை!

"நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்." டாக்டரின் இந்த வார்த்தைக்காகத்தான் குடும்பமே வராண்டாவில் காத்துக் கிடக்கும். ஒரு பேச்சுக்கு, சேதராப்பட்டில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்த அப்பாவை வாசலில் இறக்குகிறார்கள். மூன்று படி ஏற வேண்டும். வலது கை, கால் வரவில்லை. மூக்கில் டியூப், கூடவே யூரின் பை. மகன் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போக வேண்டும். நேற்றுவரை மூன்று நர்ஸ்கள் மாறி மாறிப் பார்த்த வேலை, இன்று காலையிலிருந்து அம்மா தலையில்!

உயிரைக் காப்பாற்றுவதோடு ஆஸ்பத்திரியின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எழுந்து உட்கார, விழுங்க, நடக்க, மறுபடி கற்றுக்கொள்வது அதற்குப் பிறகு. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த நாட்களை நம் வீடுகளில், "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று படுக்கையிலேயே கழித்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் இந்த இடைவெளிக்கென்றே தனி நர்ஸிங் மையங்கள் உண்டு. தொடர்ந்து மூன்று நாளாவது ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்த முதியவருக்கு, தேவைப்பட்டால் 100 நாள் வரை அங்கே மெடிகேர் காப்பீடு கைகொடுக்கும். முதல் 20 நாள் செலவு முழுக்கவே அதனுடையது.

இங்கே நிலைமை தலைகீழ். உங்கள் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'விலக்குகள்' பகுதியைப் புரட்டிப் பாருங்கள். ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் சேர்க்கப்பட்டால் பணம் கிடையாது என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். குளிப்பாட்ட, உடை மாற்ற, நடக்கவைக்க ஆள் வைக்கும் செலவும் அதில் அடக்கம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரையிலான செலவு சேரும். மூன்று மாதத் தேவைக்கு 15 நாள்!

வேலூரில் 1966-லேயே...

இப்படி ஒரு இடம் வேண்டும் என்று நம் பக்கத்தில் யாரும் யோசிக்காமல் இல்லை. 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவில் தனக்கான மறுவாழ்வுப் பயிற்சி, நியூயார்க்கில் அதே துறையில் மேல்படிப்பு முடித்துத் திரும்பினார். 1966-ல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளி அங்கே தங்கி, வீட்டில் தனியாகச் சமாளிக்கும் அளவுக்குப் பழகிவிட்டுப் போகலாம்.

தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி அங்கேயும் உண்டு. இரண்டையும் தொடங்க வைத்தவர்கள் நோயாளிகளாகக் கிடந்து பார்த்தவர்கள் என்பது தற்செயல் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

சரி, சேதராப்பட்டிலிருந்து வேலூருக்கோ ஆய்க்குடிக்கோ எத்தனை பேரால் போக முடியும்? ஊரைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம். அங்கே, 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருவார். ஆனால் அது தமிழகத்தின் திட்டம். சேதராப்பட்டு இருப்பது புதுச்சேரியில். நமக்குப் பக்கம் கோரிமேடு ஜிப்மர்தான். அங்கே உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுக்குத் தனித் துறையே இருக்கிறது. நரம்பியல் வார்டிலோ எலும்பு வார்டிலோ இருக்கும்போதே, "அந்தத் துறை டாக்டரிடம் காட்டலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

பை கட்டும் முன் கற்றுக்கொள்ளுங்கள்!

டிஸ்சார்ஜ் நாளில் பில், மருந்துச் சீட்டு, வண்டி என்று அலையும்போது எதுவும் மண்டையில் ஏறாது. இரண்டு நாள் முன்பே, வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவரை வார்டுக்கு வரச் சொல்லுங்கள். பல வீடுகளில் மகன் வந்து கேட்டுப்போகிறார், மருமகளோ அம்மாவோ செய்கிறார்கள். செய்கிறவர் வர வேண்டும்.

நர்ஸ் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்து, அடுத்த முறை அவர் முன்னாலேயே செய்து பாருங்கள். படுத்த நிலையில் கஞ்சி ஊட்டவே கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வாய்வழியாக எதைக் கொடுக்கலாம், எப்போது ஆரம்பிக்கலாம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடணும். இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் தோல் சிவந்து, அழுத்திப் பார்த்தும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும்.

இன்னொன்று, எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது. தோள் மூட்டு விலகி, பிறகு வலியாலேயே பயிற்சிக்கு வர மறுப்பார்கள். எப்படித் தூக்குவது என்று பிசியோதெரபிஸ்ட்டையே காட்டச் சொல்லுங்கள்.

வசதி இருந்து 'ஹோம் நர்ஸ்' வைப்பதானால், வருகிறவர் நர்ஸிங் படித்துப் பதிவு செய்தவரா, உதவியாளரா என்று முதலிலேயே கேளுங்கள். டியூப் மாற்ற, புண்ணுக்குக் கட்டுப்போட படித்தவர் வேண்டும். குளிப்பாட்ட, நடக்கவைக்க நல்ல உதவியாளர் போதும். இரண்டுக்கும் சம்பளம் வேறு, ஆனால் விளம்பரத்தில் பெயர் ஒன்றுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரி இங்கிலீஷில்தான் இருக்கும். எந்த மாத்திரை எப்போது, எதை நிறுத்தக் கூடாது, என்ன ஆனால் உடனே ஓடிவர வேண்டும் என்பதைத் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட்டின் அனுமதியோடு செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வரும் மகனும், அதைப் பார்த்து அப்பாவின் காலை மடக்கி நீட்டிவிடலாம்.