காக்காய்ப்பொன்

"ஐயா, இது பொன்னா?"

புத்தளம் கடனீரேரிக் கரையில், அணைக்கெனக் கொட்டிய கருங்கற்களிடையே பொறுக்கிய கல்லொன்றை என் மேசைமீது வைத்தான் மாணவன். கல் சேர்ப்பது அவன் பொழுதுபோக்கு. இம்முறையோ தந்தையின் தோணிக்கடன் தீருமென்ற ஆசையும் கண்ணில் மின்னியது. அன்றுதான் சிலப்பதிகார ஊர்காண் காதையில் மணிகளின் குணங்குற்றங்களை விரித்துரைத்திருந்தேன். கையில் கல்லொன்று வந்ததும் நாவெழவில்லை.

ஆனந்த குமாரசுவாமி நினைவுக்கு வந்தார். 1904-இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராயிருந்த அவர், பளுமிக்க கரிய கல்லொன்றை யுரேனியக் கனிமமென்றே முதலிற் கருதினார். டன்ஸ்டன் என்னும் இரசாயன அறிஞர் பகுத்தாய்ந்த பின்னரே, அதன் பெரும்பகுதி தோரியமென்பது தெளிந்தது. தோரியனைற்று என்னும் புதுக்கனிமம் பெயர் பெற்றது. அவருக்கே கண் போதவில்லையெனில் எனக்கெங்ஙனம் போதும்?

ஆகவே சோதித்தோம். நகத்தால் நெருட, மினுக்கம் ஏடேடாய் உரிந்தது. ஏட்டை வளைத்துவிட, மீண்டும் நிமிர்ந்தது. பொன் ஏடாய் உரியாது. வளைந்தால் தானே நிமிராது. இஃது அப்பிரகம், பாட்டிமார் வழக்கில் காக்காய்ப்பொன்.

"அப்படியானால் கடன் தீராதா, ஐயா?"

"தீராது, தம்பி."

அவன் கல்லை எறியவில்லை. பெயரெழுதிய சீட்டை ஒட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டான். நெடுநாள் நாவிலிருந்த சொல்லொன்றின் பொருளை யானும் அன்றுதான் கையால் தொட்டறிந்தேன்.