பெயரிலேயே 'நாடு' இருக்கிறதே!

குழந்தைகளே! போன மாதம் மேலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதற்காக நானும் என் பேரனும் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். 'தாவணி' என்றதும் அக்காமார் உடுத்தும் தாவணியை நினைத்துச் சிரிக்காதீர்கள். மாடுகளை வரிசையாகக் கட்டும் நீளக் கயிறுக்கும் தாவணி என்றுதான் பெயர். மாட்டுச் சந்தை கூடுகிற இடத்தையும் அப்படியே சொல்வார்கள். அந்தப் பெயர்தான் இந்தப் பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே மதுரை பஸ் நிலையம் வந்தது 1999-ல்.

பேரனுக்குப் பதினொரு வயது. கண்ணில் பட்ட போர்டை எல்லாம் சத்தமாகப் படிப்பான். "பெங்களூரு... திருப்பதி... திருவனந்தபுரம்..." என்று படித்துக்கொண்டே வந்தவன், திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

"தாத்தா, கர்நாடகா, ஆந்திரா, கேரளா எதுலயும் 'நாடு' இல்ல. நம்ம பேர்ல மட்டும் 'நாடு'ன்னு இருக்கே. அப்ப நாம தனி நாடா ஆயிட வேண்டியதுதான?"

பக்கத்தில் பையோடு நின்ற ஒரு பெரியவர் பதறிப்போனார். "தம்பி, அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுப்பா!" என்றார். பையன் முகம் சுண்டிப் போய்விட்டது.

முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்த கை என்னுடையது. கேள்வி கேட்டதற்காக ஒரு பிள்ளை தலை குனிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "கேக்கலாம்யா. உனக்கு முன்னாடியே இதை ஒருத்தர் டெல்லியில நாடாளுமன்றத்துலயே கேட்டிருக்கார்" என்றேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்த 'நாடு' என்ற சொல். பழைய தமிழில் அது பெரிய தேசத்தை மட்டும் குறிக்கவில்லை. பாண்டிய நாடு, சோழ நாடு என்றும் சொன்னார்கள்; சில ஊர்கள் சேர்ந்த சிறு பகுதியையும் நாடு என்றார்கள். இன்றைக்கும் மேலூர்ப் பக்கம் போனால் 'வெள்ளலூர் நாடு' என்பார்கள். பல கிராமங்கள் சேர்ந்து திருவிழா எடுக்கும் கூட்டு அது. அதற்கு ராணுவமும் கிடையாது, ரூபாய் நோட்டும் கிடையாது! ஆகவே பெயரை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

ஆனால், பேரன் கேட்ட கேள்வி பெயரோடு முடிகிற கேள்வி இல்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியில் சென்னை மாகாணம் என்று ஒன்று இருந்தது. தமிழ் பேசும் மாவட்டங்களோடு, ஆந்திரக் கடற்கரை, மலபார், மங்களூர்ப் பக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். 1938-ல் அங்கே பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமானது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சிறைக்குப் போன நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் 1939-ல் உயிர் இழந்தார்கள். அந்தக் கொதிப்பில்தான் பெரியார் 'தமிழ்நாடு தமிழருக்கே' என்றார். பிறகு அது 'திராவிட நாடு' என்ற கோரிக்கையானது. 1940-ல் திருவாரூரில் கூடிய நீதிக்கட்சி மாநாடு அதைத் தீர்மானமாகவே போட்டது. 1949-ல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கியபோதும் அந்தக் கோரிக்கை கூடவே வந்தது.

ஏன் கேட்டார்கள்? எங்கள் மொழி வேறு, எங்கள் பழக்கவழக்கம் வேறு என்றார்கள். பெரிய தொழிற்சாலைகளும் பணமும் வடக்கே போகின்றன, தெற்கு தேய்கிறது என்றார்கள். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு நமக்கு எந்த மொழி என்று முடிவு செய்வது யார் என்று கேட்டார்கள். இதில் எதையும் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. நாமே வெள்ளைக்காரனிடம் தனி நாடு கேட்டு வாங்கியவர்கள்தானே!

1962 மே 1-ம் தேதி. மாநிலங்களவையில் அண்ணாவின் முதல் பேச்சு. அந்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய கட்சி சென்னை சட்டசபையில் 50 இடங்களைப் பிடித்திருந்தது. ஆனால், காஞ்சிபுரத்தில் நின்ற அவர் தோற்றுப்போனார். (வகுப்புக்கே பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தான் பெயிலானவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.) அதனால்தான் மாநிலங்களவை உறுப்பினராக டெல்லிக்குப் போனார். அங்கே எழுந்து, நான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், எங்களுக்குத் தன்னாட்சி உரிமை வேண்டும் என்ற கருத்தை ஆங்கிலத்தில் அமைதியாகப் பேசினார். வடநாட்டார் மேல் தனக்குப் பகை இல்லை என்றும் சொன்னார். சபையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால், அவரைப் பேசவிட்டார்கள். அந்தப் பேச்சுக்காக யாரும் அவரைச் சிறையில் போடவில்லை.

இப்போது மறுபடி மாட்டுத்தாவணி போர்டுகளைப் பாருங்கள். பெங்களூரு, திருப்பதி, திருவனந்தபுரம்! திராவிட நாடு என்றால் இந்த ஊர்களெல்லாம் சேர்ந்த நாடு. அங்கே இருப்பவர்கள் என்ன சொன்னார்கள்? அங்கேதான் சிக்கல். தெலுங்கர்களுக்கு வேண்டியிருந்தது ஆந்திர மாநிலம். அதற்காக உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர்விட்டார். 1953-ல் ஆந்திரம் பிறந்தது. 1956 நவம்பர் 1-ல் கேரளமும் மைசூரும் மொழிவழி மாநிலங்களாக அமைந்தன. தங்கள் மொழிக்கு ஒரு மாநிலம் கிடைத்ததும் அவர்கள் திருப்தியாகிவிட்டார்கள். திராவிட நாட்டுக்கு அங்கே ஆதரவு இல்லை. நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து கட்ட வேண்டிய வீட்டுக்கு ஒரு வீட்டுக்காரர் மட்டும் செங்கல் சுமந்தால் எப்படி?

1962 அக்டோபரில் சீனா எல்லையில் போர் தொடுத்தது. வீடு இருந்தால்தானே ஓடு மாற்ற முடியும் என்கிற பொருளில் பேசிய அண்ணா, பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்திவைத்தார். போர் நிதிக்கும் ஆதரவு தந்தார். அடுத்த ஆண்டு அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர்கள் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். நாட்டைப் பிரிக்கக் கோரும் பேச்சுக்கும் சட்டத்தால் தடை போடலாம். அண்ணா அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். ஆனால், சட்டமான பிறகு 1963-ல் அவருடைய கட்சி தனி நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. கேட்டதற்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பயந்துவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு, புத்திசாலித்தனம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

1967-ல் அவர் முதலமைச்சரானார். அந்த ஜூலை 18-ம் தேதி, சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கச் சட்டசபை தீர்மானம் போட்டது. இந்தப் பெயருக்காக 1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் என்ற பெரியவர் எழுபது நாட்களுக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்து, நம் மதுரை மருத்துவமனையில் உயிரைவிட்டார். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல். அப்போது எனக்கு எட்டு வயது. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்குப் போனால், வாத்தியார் கரும்பலகையில் 'தமிழ்நாடு' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார். நோட்டு அட்டையில் 'சென்னை மாநிலம்' என்று இருந்ததை அடித்துவிட்டு எல்லோரும் புதிதாக எழுதினோம். மை ஊறி என் அட்டை கெட்டுப்போனது தனிக்கதை! 1968-ல் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டசபை முடிவு செய்தது. தனி நாடு கேட்டவர்கள் 'மாநில சுயாட்சி' கேட்கத் தொடங்கினார்கள். அதை ஆராய ராஜமன்னார் குழுவை 1969-ல் அமைத்தார்கள். மாநிலத்துக்கு எவ்வளவு அதிகாரம், எவ்வளவு வரிப்பணம் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. 2025-ல்கூடத் தமிழக அரசு அதற்கு ஒரு குழு போட்டது.

தனி நாடு கேட்டு, பிறகு சுயாட்சிக்கு இறங்கி வந்த கதை இது. கடலுக்கு அந்தப் பக்கம் இது தலைகீழாக நடந்தது.

இலங்கையில் தமிழர்கள் முதலில் தனி நாடு கேட்கவில்லை. செல்வநாயகம் 1949-ல் தொடங்கிய கட்சி கேட்டது, நம் மாநிலங்களைப் போலத் தங்கள் பகுதிக்கு அதிகாரம். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அடுத்த ஆண்டே அது கிழிந்தது. 1965-ல் இன்னொரு ஒப்பந்தம். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. இத்தனைக்கும் பிறகுதான் 1976-ல் வட்டுக்கோட்டையில் தனித் தமிழீழம் என்று தீர்மானம் போட்டார்கள். 1983-ல் கலவரமும் போரும் மூண்டன. 2009 மே மாதம் போர் முடிந்தபோது பல்லாயிரக்கணக்கான உயிர்கள் போயிருந்தன.

மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. ஒருமுறை என் வகுப்பில் 'என் நாடு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். முகாமிலிருந்து வரும் ஒரு மாணவி வெறும் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சோம்பேறித்தனம் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். "எந்த நாட்டை எழுதறது சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தாளுக்கு எத்தனை மார்க் போட்டேன் என்பதுகூட இன்று நினைவில்லை; அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

"சரி தாத்தா, சண்டையே போடாம பிரிய முடியாதா?" என்றான் பேரன்.

முடியும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1992 கடைசி நாளோடு பேசிப் பிரிந்து இரண்டானது. துப்பாக்கிச் சத்தமே இல்லை. நமக்குத் தெரிந்த சிங்கப்பூர் 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்ததுதான். ஆனால், தெற்கு சூடான் 2011-ல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேலான ஓட்டோடு தனி நாடானது. இரண்டே ஆண்டில் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். தனியாகப் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை, எல்லாம் கெட்டுவிடும் என்பதும் இல்லை.

நம் ஊருக்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுரைச் சீமைக்குப் பெரியாறு அணைத் தண்ணீர் வருகிறது. பென்னிகுயிக் கட்டி 1895-ல் முடித்த அணை. அது இருப்பது கேரளத்தில். அதைப் பயன்படுத்துவது நாம். எத்தனை அடி தேக்கலாம் என்று இரண்டு மாநிலங்களும் வழக்காடின. 142 அடி என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டும் ஒரே நாட்டில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே நீதிமன்றம். வேறு வேறு நாடாக இருந்தால்? சிந்து நதிக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் பல ஆண்டுகள் பேசி 1960-ல் ஓர் ஒப்பந்தம் போட்டன. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு மகாராஷ்டிரத்திலிருந்து வரும் வெங்காய லாரிக்கும் எல்லையில் சுங்கச்சாவடி, கடவுச்சீட்டு எல்லாம் வேண்டியிருக்கும். நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு இந்தத் தண்ணீர்க் கணக்கு ஒரு பெரிய காரணம். உங்கள் அப்பாவோ தாத்தாவோ வேறு மாதிரி சொல்லலாம், உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பிரிவினைக்காகப் பிரசாரம் செய்வதையும் ஆள் சேர்ப்பதையும் 1967-ல் வந்த சட்டம் குற்றமாக்கி வைத்திருக்கிறது. ஆனால், அண்ணா என்ன கேட்டார், ஏன் விட்டார் என்று படிப்பதும், புரியாததைக் கேட்பதும் குற்றமில்லை. பஸ் நிலையத்தில் அந்தப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் பாதி சமாதானமாகித் தலையை ஆட்டினார்.

பேரனுக்கு மிகவும் பிடித்தது ஸ்காட்லாந்து கதை. 2014 செப்டம்பர் 18-ல், பிரிட்டனிலிருந்து பிரியலாமா என்று அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றார்கள். பிரியவில்லை. அந்த ஓட்டெடுப்பில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு கொடுத்தார்கள்!

"பதினாறா? அப்ப பள்ளிக்கூடத்துல படிக்கிறவங்களுமா ஓட்டுப் போட்டாங்க?"

"ஆமா."

"அவங்களுக்கு யாரு தாத்தா இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா?"

அதற்குள் மேலூர் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் ஓர சீட்டுக்காக அவன் ஓடிவிட்டான்.

குழந்தைகளே, இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பீரோவில் தாத்தா, பாட்டியின் பழைய பள்ளிச் சான்றிதழோ, நிலப் பத்திரமோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். 1969-க்கு முந்தியது என்றால், அதில் நம் மாநிலத்தின் பெயர் என்ன என்று பாருங்கள். 'மதராஸ்' என்று இருக்கலாம், 'சென்னை ராஜ்யம்' என்றும் இருக்கலாம். கிழிந்துவிடாமல் மெதுவாகப் பிரியுங்கள். அந்தக் காலத்துத் தாள்!