உங்களுக்குத் தெரியுமா? அவுஸ்திரேலியாவின் சனிக்கிழமைத் துடுப்பாட்டம்

பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் மட்டையோடு தரவையில் இறங்கும் புங்குடுதீவுப் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்குக் கழகம் நடத்தும் அண்ணன்மாருக்காகவும் இந்தத் துணுக்குகள். ஒருநாள் உலகக் கிண்ணத்தை ஆறு முறை வென்ற அவுஸ்திரேலியாவில் அநேகமாக எல்லா வீரரும் ஓர் ஊர்க் கழகத்தின் வழியாகத்தான் மேலே வந்திருக்கிறார்கள். அந்தக் கழகங்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துகொண்டால் நமக்கும் பயன் உண்டு.

1. ஒரு கழகம், ஐந்து அணி
சிட்னியின் பிரீமியர் துடுப்பாட்டத்தில் 20 கழகங்கள் ஆடுகின்றன. ஒவ்வொரு கழகமும் ஆண்களுக்கு முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை ஐந்து அணிகளை இறக்குகிறது. இரு கழகங்கள் மோதும் சனிக்கிழமையில் முதலாம் தரத்தோடு முதலாம் தரமும், ஐந்தாம் தரத்தோடு ஐந்தாம் தரமும் வெவ்வேறு மைதானங்களில் ஆடும். ஒரே நாளில் ஒரு கழகத்துக்காக 55 பேர் களத்தில் நிற்கிறார்கள்.

2. கடைசி அணிக்கும் மதிப்பு உண்டு
ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனிக் கிண்ணம் உண்டு. அதோடு எல்லாத் தரங்களின் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒட்டுமொத்தக் கழகச் சம்பியனையும் தெரிவுசெய்கிறார்கள். முதலாம் தர வெற்றிக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும். ஆனாலும் ஐந்தாம் தரத்தில் யாரோ ஒரு பையன் கடைசி விக்கெட்டுக்கு நின்று பெற்றுத்தந்த வெற்றியும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் கீழ் அணிகளைக் கழகம் கைவிடுவதில்லை.

3. தொகுதிவாரிக் கழகங்கள்
முன்பு சிட்னியில் வசதியான சில கழகங்கள் நல்ல வீரர்களையெல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. ஆட்டங்கள் ஒருபக்கமாக முடிந்தன. பார்க்க வருவோரும் குறைந்தனர். இதைச் சரிசெய்ய 1893–94 பருவத்தில் தேர்தல் தொகுதிகளை ஒட்டிக் கழகங்களைப் பிரித்தார்கள். வீரர் எந்தப் பகுதியில் குடியிருக்கிறாரோ அந்தப் பகுதிக் கழகத்துக்கே ஆட வேண்டும் என்று விதி வந்தது. பலம் பரவலானது, ஒவ்வொரு பகுதிக்கும் சொந்த அணி என்ற உரிமையுணர்வும் பிறந்தது.

4. இரண்டு சனிக்கிழமை, ஓர் ஆட்டம்
ஒரே நாளில் முடியும் ஆட்டங்களும் உண்டு. ஆனால் உயர் தரங்களில் இன்றும் பெருமையாகப் பேசப்படுவது இரண்டு நாள் ஆட்டம். ஓர் அணி முதற் சனிக்கிழமை நாள் முழுவதும் துடுப்பெடுத்தாடும். மற்ற அணி ஒரு வாரம் காத்திருந்து அடுத்த சனிக்கிழமை துரத்தும். நடுவில் உள்ள ஆறு நாளும் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போவார்கள். பொறுமையாக நின்று ஆடும் பழக்கம் இங்கேதான் பயிராகிறது.

5. வியாழன் இரவின் பரபரப்பு
பெரும்பாலான கழகங்களில் செவ்வாயும் வியாழனும் பயிற்சி. வேலை முடிந்து நேரே வலைப்பயிற்சிக்கு வருகிறார்கள். வியாழன் பயிற்சி முடிந்ததும் தெரிவுக்குழு கூடி அந்த வார அணிகளை அறிவிக்கும். மாநில அணிக்கு ஆடும் வீரர் ஒருவர் ஓய்வு கிடைத்துக் கழகத்துக்குத் திரும்பினால், முதலாம் தரத்தில் ஒருவர் இரண்டாம் தரத்துக்கு இறங்குவார். அங்கிருந்து ஒருவர் மூன்றாம் தரத்துக்குப் போவார். மேலே நடக்கும் ஒரு மாற்றம் ஐந்தாம் தரம் வரை தெரியும். அதேபோல் மூன்றாம் தரத்தில் சதம் அடித்தவனுக்கு அடுத்த வாரமே இரண்டாம் தரத்தின் கதவு திறக்கலாம்.

6. காசு கட்டி விளையாடுகிறார்கள்
சிறு எண்ணிக்கையான வீரர்களும் பயிற்றுநர்களும் பணம் பெறுவதுண்டு. மற்ற எல்லோரும் பருவத் தொடக்கத்தில் சந்தா கட்டித்தான் ஆடுகிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், புள்ளி பதிபவர், தேநீர் ஏற்பாடு செய்பவர் என்று பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். பல கழகங்கள் நூறாண்டு கடந்து நிற்பது இவர்களின் உழைப்பால்தான்.

7. நடுவர் வராவிட்டாலும் ஆட்டம் நிற்காது
உயர் தரங்களுக்குச் சங்கம் நடுவர்களை அனுப்பும். கீழ்த் தரங்களில் துடுப்பெடுத்தாடும் அணியினரே முறைவைத்து நடுவராக நிற்பார்கள். தன் அணி நண்பனுக்கே 'அவுட்' என்று விரலை உயர்த்தும் நேர்மையைப் பதினைந்து வயதுப் பையன் அங்கே பழகிக்கொள்கிறான்.

8. மூன்று ஓவரில் நூறு
புல் ஆடுகளத்தைப் பராமரிக்கச் செலவு அதிகம். அதனால் அவுஸ்திரேலியாவின் பெரும்பாலான சிறு கழகங்கள் கொங்கிரீட் தளத்தின் மேல் செயற்கை விரிப்புப் போட்ட ஆடுகளத்தில்தான் ஆடுகின்றன. 1931 நவம்பரில் பிளாக்ஹீத் என்ற மலையூரில் 'மல்தொயிட்' எனும் தார்விரிப்பு ஆடுகளம் ஒன்றைத் தொடக்கிவைக்க ஓர் ஆட்டம் நடந்தது. அதில் ஆடிய டொன் பிரட்மன் மூன்று ஓவருக்குள் 100 ஓட்டங்கள் அடித்தார். அந்த ஆட்டத்தில் ஓர் ஓவருக்கு எட்டுப் பந்து. அவர் மொத்தமாகக் குவித்தது 256.

9. புல்லில் முதல் சதம்
பிரட்மன் வளர்ந்தது பௌரல் என்ற சிற்றூரில். 1926 இல் சிட்னியின் சென் ஜோர்ஜ் கழகம் அவரை அழைத்தது. அதுவரை பெரும்பாலும் விரிப்பு ஆடுகளங்களில் ஆடிப் பழகியவர், பீற்றர்ஷாம் கழகத்துக்கு எதிரான முதலாம் தர அறிமுகத்தில் புல் ஆடுகளத்தில் 110 ஓட்டங்கள் எடுத்தார்.

10. உடைந்த யன்னல்
1903 ஜனவரியில் விக்டர் டிரம்பர், பாடிங்டன் கழகத்துக்காக ரெட்ஃபேர்ன் கழகத்துக்கு எதிராக ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் 335 ஓட்டங்கள் குவித்தார். அவர் அடித்த பந்தொன்று மைதானத்துக்கு வெளியே இருந்த சப்பாத்துத் தொழிற்சாலையின் யன்னலை உடைத்தது. கழக ஆட்டம்தான், நூற்றிருபது ஆண்டு கழிந்தும் சிட்னியில் அதைப் பேசுகிறார்கள்.

11. கரவனில் குடியிருந்த வேகப்பந்து வீச்சாளர்
கிளென் மெக்ராத்தின் ஊர் நரோமைன், சிட்னியிலிருந்து வெகு தொலைவு. சதர்லண்ட் கழகத்துக்கு ஆடுவதற்காகப் பத்தொன்பது வயதில் நகரத்துக்கு வந்தவர், ஓராண்டுக்கு மேல் ஒரு கரவனில் தங்கியிருந்தார். டெஸ்டில் 563 விக்கெட்டுகள் எடுத்த பயணம் அங்கிருந்துதான் தொடங்கியது.

12. புல் வெட்டியவர் காலியில் எடுத்த விக்கெட்
நேதன் லயன் கன்பராவிலும் பின்னர் அடிலெய்ட் ஓவலிலும் மைதானப் பராமரிப்பு ஊழியராக வேலை செய்தவர். வேலை நேரம் போகக் கழகத் துடுப்பாட்டம் ஆடினார். 2011 இல் காலியில் இலங்கைக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம் கிடைத்தது. டெஸ்டில் அவர் வீசிய முதற் பந்திலேயே குமார் சங்கக்காரவின் விக்கெட் விழுந்தது. அந்த இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார்.

13. 41 வயதில் மீண்டும் தலைவர்
பொப் சிம்சன் 1968 இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். ஆனால் கழகத் துடுப்பாட்டத்தை விடவில்லை. தொலைக்காட்சி முதலாளி கெரி பக்கர் தனியாக நடத்திய தொடருக்காக முன்னணி வீரர்கள் பிரிந்து சென்ற 1977 இல், 41 வயதில், அவரை மீண்டும் அவுஸ்திரேலிய அணித்தலைவராக்கினார்கள். பத்தாண்டு இடைவெளியை நிரப்பியது சனிக்கிழமை ஆட்டம். அப்போது இந்தியாவுக்கு எதிராக நடந்த டெஸ்ட் தொடரில் இரண்டு சதம் அடித்தார். தொடரும் 3–2 என்று அவுஸ்திரேலியாவுக்கே.

14. தண்டனைக் காலத்திலும் திறந்திருந்த கதவு
2018 மார்ச்சில் கேப்டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வோர்னருக்கும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் கழக ஆட்டத்துக்குத் தடை இல்லை. அதே ஆண்டு நவம்பரில் சிட்னியின் கூஜி ஓவலில் ஸ்மித்தின் சதர்லண்டும் வோர்னரின் ரண்ட்விக் பீற்றர்ஷாமும் மோதின. வார நாளில் வேறு வேலைக்குப் போகும் பந்துவீச்சாளர்கள் அன்று உலகின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர்களுக்குப் பந்து வீசினார்கள்.

15. பேருந்து ஓட்டிய உலகக் கிண்ண வீரர்
2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கைக்கு ஆடிய சுழற்பந்து வீச்சாளர் சூரஜ் ரண்டிவ், பின்னர் மெல்பேர்ணில் பேருந்து ஓட்டிக்கொண்டே டண்டினோங் கழகத்துக்கு ஆடினார். 2020 இன் இறுதியில் இந்திய அணி வந்தபோது, அவுஸ்திரேலிய வீரர்களுக்குப் பயிற்சியில் பந்துவீச அந்நாட்டுத் துடுப்பாட்டச் சபை அவரை அழைத்தது. உழைத்துச் சாப்பிடும் வாழ்க்கைக்கும் உயர்ந்த ஆட்டத்துக்கும் அங்கே பகை இல்லை.

16. அகதியாக வந்து அணிக்குள்
பாகிஸ்தானிலிருந்து 2010 இல் வந்து தஞ்சம் கோரியவர் ஃபவாத் அஹமட். மெல்பேர்ண் பல்கலைக்கழகக் கழகத்துக்கு ஆடிய அவரது லெக் சுழலைக் கண்டு துடுப்பாட்ட உலகமே அவரது தஞ்சக் கோரிக்கைக்காகக் குரல் கொடுத்தது. 2013 இல் அவுஸ்திரேலியாவின் தேசிய அணிக்கே ஆடினார். ஊரை விட்டு ஓடிவந்த வலி தெரிந்த நமக்கு இந்தச் செய்தியின் அருமை விளங்கும்.

17. பிள்ளைகளுக்கும் படி உண்டு
சிட்னிக் கழகங்களுக்கிடையே 16 வயதுக்குட்பட்டோருக்கு 'கிரீன் ஷீல்ட்', 21 வயதுக்குட்பட்டோருக்கு 'பொய்டெவின்–கிரே ஷீல்ட்' என்று தனிப் போட்டிகள் உண்டு. நன்றாக ஆடும் பதினாறு வயதுப் பையன், முப்பத்தைந்து வயதுக்காரர்களோடு கீழ்த் தர அணியிலும் இடம் பிடிப்பான். அந்த மூத்தவர்களிடமிருந்து அவன் கற்பதை எந்தப் பயிற்சி முகாமும் தராது. பெண்களுக்கும் இதேபோல் தரவாரிப் போட்டிகள் நடக்கின்றன.

18. இரண்டு யார் குறைந்த ஆடுகளம்
1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் பிரட்மன் தலைமையிலான அவுஸ்திரேலிய அணி கொழும்பு ஓவலில் இலங்கையோடு ஒரு நாள் ஆடியது. ஆடுகளம் குறுகியிருப்பதாகச் சந்தேகம் எழ, அளந்து பார்த்தார்கள். 22 யார் இருக்க வேண்டியது 20 யார்தான் இருந்தது! அந்த மைதானம் தமிழ் யூனியன் கழகத்துக்கு உரியது.

19. 1899 இல் பிறந்த தமிழ்க் கழகம்
தமிழ் யூனியன் துடுப்பாட்ட, மெய்வல்லுநர் கழகம் கொழும்பில் 1899 இல் தொடங்கப்பட்டது. அதன் மைதானம் பின்னாளில் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைப் பெற்றது. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் நடந்ததும், 1985 இல் இந்தியாவை வீழ்த்தி முதல் டெஸ்ட் வெற்றி பெற்றதும் அங்கேதான். 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த முத்தையா முரளிதரன் ஆடிய கழகமும் இதுவே.

20. மூன்று நாட்டு அணித்தலைவர்
1948 இல் பிரட்மனுக்கு எதிராக இலங்கையை வழிநடத்தியவர் மகாதேவன் சதாசிவம். அதற்கு முந்திய ஆண்டு சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். பின்னர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் அணித்தலைவராக இருந்தார்.

21. நம் வடக்கில்
யாழ் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் சமர்' 1904 இல் தொடங்கியது. மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024 இல் ஐபிஎல்லில் சன்றைசர்ஸ் ஹைதராபாத்துக்கும் ஆடினார். ஆற்றல் இங்கே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

22. பக்கத்துத் தீவில் பெரிய மைதானம்
2025 செப்டெம்பர் 1 அன்று மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்தின் கட்டுமானப் பணி தொடங்கிவைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவுக்கு வரும் வழியில்தான் மண்டைதீவு. நம் பிள்ளைகள் அங்கே பார்வையாளராக மட்டும் போகக் கூடாது.

23. நமக்கு என்ன குறை?
ஊர்ப்பற்றில் நாம் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். புங்குடுதீவில் பன்னிரண்டு வட்டாரங்கள்; ஒவ்வொன்றும் தன் அணிக்காக உயிரைக் கொடுக்கும். ஆனால் மென்பந்துச் சுற்றுப்போட்டி இரண்டு நாளில் முடிந்துவிடும். முதற் சுற்றில் தோற்ற அணிக்கு அடுத்த ஆட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. பாடசாலையில் கடினப்பந்து ஆடியவனும் படிப்பு முடிந்ததும் மட்டையை வைத்துவிடுகிறான். அவுஸ்திரேலியக் கழகத்தில் தோற்றவனுக்கும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. வளர்ச்சியின் இரகசியம் இதுதான்.

24. இந்தப் பருவத்திலேயே செய்யலாம்
மாரி மழை ஓய்ந்ததும் தீவகக் கழகங்கள் கூடி வாராந்த லீக் ஒன்றைத் தொடங்கலாம். ஒவ்வொரு கழகமும் இரண்டு அணி இறக்கட்டும்: ஒன்று பெரியவர்களுக்கு, மற்றது பதினாறு வயதுக்குட்பட்டோரும் புதியவர்களும் ஆட. இரண்டு அணியின் புள்ளிகளையும் கூட்டிக் கழகச் சம்பியனைத் தெரிவுசெய்தால், சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கப் பெரியவர்களும் வருவார்கள். கொங்கிரீட் தளமும் விரிப்பும் உள்ள ஆடுகளம் ஒன்று போதும், கடினப்பந்து தொடங்க. கனடா, பிரான்ஸ், சுவிஸ், இலண்டன் என்று பரந்திருக்கும் நம் உறவுகள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுப்பவர்கள். ஒரு தடவைக் கிண்ணத்துக்குப் பரிசுத்தொகை அனுப்புவதைவிட, ஆண்டுக்கணக்கில் நிற்கும் ஓர் ஆடுகளத்துக்கு அவர்கள் கொடுத்தால் பல தலைமுறைப் பிள்ளைகள் அதில் ஆடுவார்கள். கழக நிர்வாகசபைகள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேச வேண்டும்.